மனம் எங்கே நழுவுகிறது?

ஆனேக்கல் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று அவ்வட்டத்தில், அருகிலுள்ள எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்று நாள் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைப்போரும் பலர். தறியில் அமர்ந்தவர் முன் தறி மட்டுமே உண்டு. கணிப்பொறியில் அமர்ந்தவருக்கோ, பணி செய்யும் அதே திரையிலேயே செய்தியும் விளையாட்டும் அரட்டையும் விரிகின்றன. ‘ஒரு நிமிடம்’ என்று விலகிய மனம் ஒரு மணி நேரம் கழித்தே திரும்புகிறது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை, இத்தகைய பழக்கத்தில் சிக்கியோருக்கென 2014-ஆம் ஆண்டு தனிச் சிகிச்சைப் பிரிவையே தொடங்கியது.

தடையின் வேர்

மனம் எப்போது நழுவுகிறது என்று கூர்ந்து நோக்க வேண்டும். எளிய வேலையில் அது அவ்வளவாக ஓடுவதில்லை. விடை புலப்படாத கணக்கு, பதில் எழுதத் தயங்கும் கடிதம் ஆகியவை எதிர்ப்படும்போதுதான் ஓடுகிறது. அங்கே சிறு கசப்போ அச்சமோ எழுகிறது. இணையம் அதற்கு உடனடிப் புகலிடம் ஆகிறது. தள்ளிப்போடுதல் என்பது நேரத்தைத் திட்டமிடாத குறை மட்டுமன்று, விரும்பத்தகாத உணர்விலிருந்து தப்பும் முயற்சி என்று உளவியலாளர்கள் சிரோயிஸும் பிச்சிலும் 2013-இல் விளக்கினர்.

பதஞ்சலி முனிவர் யோகத்திற்கான ஒன்பது தடைகளைக் கூறுமிடத்தில், சோம்பலாகிய ‘ஆலஸ்யம்’ வேறு, மனம் செயலுக்கு இசையாத ‘ஸ்த்யானம்’ வேறு என்று பிரித்தே வைத்தார். உழைப்பாளியும் தள்ளிப்போடுவது ஏன் என்பதற்கு இதில் விடை உள்ளது.

மூன்று பயிற்சிகள்

முதலாவது, வாயிலை அடைத்தல். பணிக்கு வேண்டாத பக்கங்களை மூடிவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைப்பது நலம். முடியாத வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால், கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இரண்டாவது, கசப்பை அறிதல். ‘இப்போது எதற்கு அஞ்சுகிறேன்?’ என்று கேட்டு, அடுத்த மிகச் சிறிய படியை மட்டும் செய்ய வேண்டும். அறிக்கை முழுவதும் வேண்டாம், முதல் வாக்கியம் போதும்.

மூன்றாவது, தன்னை நிந்தியாதிருத்தல். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர். சுயநிந்தை, ஓடித் தப்புவதற்கு இன்னொரு கசப்பாகிவிடுகிறது. இழை அறுந்தால் நெசவாளர் தறியை நொந்துகொண்டு எழுந்து போவதில்லை. முடிச்சிட்டு, மேலே நெய்கிறார்.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதைப் போல் அரிது என்கிறான் அர்ஜுனன். பகவான் அதை மறுக்கவில்லை. பயிற்சியாலும் பற்றின்மையாலும் கைகூடும் என்கிறார். மனம் ஒருநாளில் நூறு முறை நழுவலாம். நூறு முறையும் அதைத் திருப்பிக் கொணர்வதே பயிற்சி.