ஹீட்டருக்குப் போகும் கம்பி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்?

குளியலறையில் புதிதாக வாட்டர் ஹீட்டர் மாட்டப் போகிறீர்கள். கடைக்காரர் அதன் பம்ப், நிறம், உத்தரவாதம் பற்றியெல்லாம் விளக்குவார். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைப் பற்றிப் பெரும்பாலும் பேச மாட்டார். சுவருக்குள் இருக்கும் அந்தக் கம்பி சூடானால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் சாதனத்தில் ஒட்டியுள்ள விவரத் தகட்டைப் படியுங்கள். மலேசிய வீடுகளில் பரவலாக உள்ள உடனடி ஹீட்டர் 3.6 கிலோவாட் திறன் கொண்டது. நம் மின்னழுத்தம் 230 வோல்ட். 3,600-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15.7 ஆம்பியர். சாதாரண பிளக் 13 ஆம்பியருக்கானது. ஆகவே இதை எந்த பிளக்கிலும் சொருகக் கூடாது. பியூஸ் பெட்டியிலிருந்து இதற்கெனத் தனிக் கம்பி வர வேண்டும்.

கம்பி ஏன் சூடாகிறது? செம்புக்கும் சிறிதளவு மின்தடை உண்டு. அதில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரே கம்பியில் 1 ஆம்பியருக்குப் பதில் 15.7 ஆம்பியர் ஓடினால், வெப்பம் ஏறக்குறைய 245 மடங்கு! பியூஸ் பெட்டியிலிருந்து குளியலறை 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 30 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் சுமார் 84 வாட் வெப்பம் சுவருக்குள் வெளிப்படும். 2.5 கம்பியில் அது 50 வாட்; 4 கம்பியில் 32 வாட்.

இந்த எண்கள் கம்பியின் விட்டத்தைக் குறிப்பவை அல்ல என்பதைக் கவனியுங்கள். வெட்டிப் பார்த்தால் தெரியும் செம்பின் பரப்பளவு அது. பிளாஸ்டிக் உறை தடிமனாக இருந்தால் உள்ளே செம்பும் தடிமனாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். சுருளில் 7/0.67 என்று இருந்தால் 0.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏழு இழைகள், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர். 7/0.85 என்றால் 4. சிரிம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, 2.5 போதுமா, 4 வேண்டுமா? இதற்கான விடை ஹீட்டரில் இல்லை. கம்பி போகும் வழியில்தான் இருக்கிறது.

பிரிட்டனின் பிஎஸ் 7671 அட்டவணைப்படி, செங்கல் சுவரில் குழாய்க்குள் போகும் 2.5 கம்பி 24 ஆம்பியர் தாங்கும். அந்த 24 என்பது சுற்றுப்புறம் 30 பாகை செல்சியஸில் இருக்கும்போது. நம் ஊர் மதிய வெயிலில் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே 30 பாகையா இருக்கும்? 40 என்று வைத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும். அதே குழாயில் இன்னொரு மின்சுற்றின் கம்பியும் போனால் மேலும் 0.8-ஆல் பெருக்க வேண்டும். 24 இப்போது 16.7 ஆகிவிட்டது. மூன்றாவது சுற்றும் சேர்ந்தால் 14.6தான். ஹீட்டருக்கோ 15.7 தேவை!

4 கம்பிக்கு இதே கணக்கைப் போடுங்கள். தொடக்கம் 32 ஆம்பியர். வெப்பத்துக்கும் இரண்டாவது சுற்றுக்கும் கழித்த பிறகும் 22.3 மிஞ்சும். விலையில் சில ரிங்கிட் கூடும், அவ்வளவுதான். என் தேர்வு 4. முடிந்தால் ஹீட்டர் கம்பிக்குத் தனிக் குழாயே போடச் சொல்லுங்கள்.

எம்சிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். எம்சிபிக்குக் கம்பியின் சூடு தெரியாது. தன் வழியாக ஓடும் ஆம்பியர் மட்டுமே தெரியும். 14.6 ஆம்பியர் தாங்கும் கம்பிக்கு 20 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால், 15.7 ஓடும்போது அது அசையவே அசையாது. பத்து நிமிடக் குளியலில் ஒன்றும் ஆகாமல் போகலாம். காலையில் ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில், 70 பாகைக்கு மேல் தாங்காத பிவிசி உறை ஆண்டுக்கணக்கில் காய்ந்து வெடிக்கும். எனவே ஹீட்டரின் ஆம்பியரை விட எம்சிபியின் எண் கூடுதலாகவும், எம்சிபியை விடக் கம்பியின் தாங்குதிறன் கூடுதலாகவும் இருக்க வேண்டும். 15.7, 20, 22.3 என்ற வரிசை சரியானது. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று சிலர் 20-ஐக் கழற்றி 32 போடுவார்கள். அது கம்பிக்கு இருந்த ஒரே காவலையும் அனுப்பிவிடுவதற்குச் சமம்.

கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும், தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் அது உங்களைக் காக்காது. அதற்கு வேண்டியது மின்கசிவுத் துண்டிப்பான். 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத துண்டிப்பானைக் கேட்கின்றன. வீட்டின் பொதுத் துண்டிப்பான் பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர். குளிக்கும் ஆளுக்கு அது போதாது. பதிவு பெற்ற வயர்மேன் வரும்போது கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர், குழாயில் வேறு எத்தனை சுற்றுகள், துண்டிப்பான் 10-தானா என்று மூன்றையும் கேளுங்கள். பழைய ஹீட்டரை மாற்றும்போது கம்பி முன்பே இருக்கிறது என்று அவர் சொன்னால், சுவிட்சைத் திறந்து அதன் இழைகளை அளந்து காட்டச் சொல்லுங்கள்.