வீட்டின் உட்சுவர்களைச் சுண்ணாம்பு வர்ணத்தால் அலங்கரிக்கும் முறை

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் நமது கிராமங்களில் இன்னும் பல உள. இவற்றின் சுவர்கள் தரையினின்று ஈரத்தை இழுத்துக் காற்றில் விடும் இயல்புடையன. இத்தகைய சுவரின்மேல் எண்ணெய் வர்ணம் பூசினால், ஈரம் வெளிப்பட வழியின்றித் தங்கும். பூச்சுக் கொப்புளித்து உரியும். கடன் வாங்கிச் செலவிட்ட பணம் உதிர்ந்துபோம். சுண்ணாம்பு வர்ணமோ ஈரத்தை அடைப்பதில்லை. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் சுண்ணாம்புக் கல்லின் தன்மை பெற்று, சுவரோடு ஒன்றுபடுகிறது.

சுண்ணாம்பு: நன்கு சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்குச் சுமார் ஐந்து லிட்டர் நீர் வேண்டும். நீரிற் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுக. சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றலாகாது. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டால் பார்வை கெடும். ஆதலின் கண்ணாடி அணிவதும், பிள்ளைகளை விலக்குவதும் அவசியம். தெறித்தால் தாமதியாது நல்ல நீரால் கால்மணி நேரம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்க. ஒரு நாள் ஊறிய பின் துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சி சேர்க்க.

வர்ணம்: சுண்ணாம்பின் காரத்துக்கு எல்லா வர்ணமும் நில்லா. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பதை யாவரும் அறிவோம். செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக்கரி ஆகியவை மாறா. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931-ம் வருஷத்தில் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களிலும் காவி வர்ணங்கள் இன்றும் விளங்குகின்றன. வர்ணப்பொடி சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் சுவர் கையில் ஒட்டும். ஈரத்தில் கருத்துத் தோன்றுவது உலர்ந்தபின் மிகவும் வெளிறுமாதலால், மூலையிற் சிறிது பூசிப் பார்த்து, ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையிற் கலக்குக.

பூசுதல்: சுவரின் தூசியை நீக்கி, நீர் தெளித்து, பால்போல் மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு இடுக. ஒன்று உலர்ந்த பின்னரே மற்றொன்று இடத்தகும். தடித்த பூச்சு வெடித்து உதிரும்.

அலங்காரம்: தரையினின்று இரண்டரை அடி உயரத்தில் காவி தோய்த்த நூலைத் தட்டிக் கோடு பிடித்து, அதன் கீழ்ச் செங்காவிப் பட்டை இட்டால் அழுக்குத் தோன்றாது. மேற்பகுதியில், முன்னதினும் சற்றுக் கருத்த வர்ணத்தில் கசக்கிய துணியைத் தோய்த்து, நன்கு பிழிந்து, கையைத் திருப்பித் திருப்பி ஒற்றினால் பளிங்கு போன்ற சாயல் உண்டாகும். எண்ணெய் ஊட்டி உலர்த்திய தடித்த காகிதத்தில் கொடியோ தாமரையோ வெட்டி, சுவரிற் பொருத்தி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தட்டினால் கரை அமையும். தூரிகையில் நீர் மிகுந்தால் வர்ணம் காகிதத்தின் அடியிற் கசிந்து உருவம் கெடும்.

எச்சரிக்கை: எண்ணெய் வர்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு பற்றாது, முன்னதை நீக்கவேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று இந்திய அரசாங்கம் 2016-ல் விதி செய்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுதியாயிருத்தல் கூடும். அதன் தூசி பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவே உலரச் சுரண்டாது, நனைத்துச் சுரண்டி, கழிவைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துக.

சங்கத்தார் சுண்ணாம்பையும் காவியையும் ஒருங்கே வாங்கி, அச்சுக் காகிதங்களைப் பொதுவில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வீட்டாரின் செலவும் குறையும். வரும் பொங்கலுக்கு முன் ஓர் அறையிலேனும் இதனைச் செய்து பார்ப்பாராக.