குப்பைக்கு எவ்வளவு காசு? – சியாட்டில் நகரத்துக் கணக்கு

நண்பர்களே, இந்தத் தடவை சமூக அறிவியலும் கணக்கும் கலந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், நின்னு படிங்க. கணக்கு வரும் இடத்தில் ஓடிப் போயிடாதீங்க, அங்கேதான் விஷயமே இருக்கு.

ஒரு நகரத்தில் வீட்டு வீட்டுக்கு வண்டி வந்து குப்பை எடுக்குது. வண்டிக்கு டீசல், ஓட்டுநருக்குச் சம்பளம், குப்பை எடுப்பவர்களுக்குச் சம்பளம், கொட்ட இடம், எல்லாத்துக்கும் செலவு. இதை வீடுகளிடம் எப்படி வாங்குவது? எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா? நிறையப் போடுறவங்களுக்கு நிறைய, கொஞ்சமா போடுறவங்களுக்குக் கொஞ்சமா? சுலபமான கேள்வி மாதிரி தெரியுது இல்லையா? ஒரு பெரிய நகரமே இதுக்கு விடை தேடி நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டணத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்திருக்கிறது. அந்த நகரம்தான் சியாட்டில்.

சியாட்டில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. (தலைநகரம் வாஷிங்டன் வேற. அது கிழக்குப் பக்கம். நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கிறாங்க.) 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 7 லட்சத்து 37 ஆயிரம் பேர்.

1981 வரைக்கும் அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம்தான். ஒரு டப்பா குப்பை வெச்சாலும் அதே காசு, பத்து டப்பா வெச்சாலும் அதே காசு. அப்புறம் யாருக்குக் குப்பையைக் குறைக்கணும்னு தோணும்? 1981-ல் நகர நிர்வாகம் முறையை மாற்றியது. எத்தனை டப்பாவோ அதற்கேற்ற கட்டணம். மின்சாரத்துக்கு யூனிட் கணக்குப் போடுற மாதிரி குப்பைக்கும் கணக்கு வந்தது.

கொட்டுகிற இடத்திலும் பெரிய பிரச்சினை வந்தது. சியாட்டிலின் குப்பை, நகரத்துக்குத் தெற்கே கென்ட் என்ற ஊரில் இருந்த மிட்வே, கென்ட் ஹைலேண்ட்ஸ் என்ற இரண்டு கிடங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிட்வே 1983-லும், கென்ட் ஹைலேண்ட்ஸ் 1986-லும் மூடப்பட்டன. மூடிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீங்க. குப்பை மண்ணுக்கு அடியில் காற்றில்லாமல் மட்கும்போது மீத்தேன் வாயு வரும் என்று நாம் படித்திருக்கிறோம். 1985-ல் மிட்வே கிடங்கிலிருந்து அந்த வாயு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து பக்கத்து வீடுகளுக்குள் போய்விட்டது. தீப்பிடிக்கிற வாயு ஆச்சே! சில குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டியதாயிற்று. இரண்டு கிடங்குகளையும் சுத்தம் பண்ணுற செலவு நகரத்தின் தலையில் விழுந்தது. அந்தச் செலவும் குப்பைக் கட்டணத்தில்தான் ஏறியது. எப்பவோ கொட்டிய குப்பைக்கு எப்பவோ பிறந்தவங்க காசு கட்டுறாங்க. எனக்கு இந்த இடம் படிக்கும்போது ரொம்ப நேரம் யோசனையாவே இருந்தது.

சரி, குப்பையை எரித்துவிடலாமா என்று பார்த்தார்கள். எரிக்கும் ஆலை வந்தால் புகை வரும் என்று மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 1988-ல் வீட்டு வாசலிலேயே பேப்பர், பாட்டில், தகர டப்பா எல்லாம் தனியாக வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. குப்பை டப்பாவுக்குத்தான் காசு, மறுசுழற்சிப் பொருளை எடுக்கத் தனிக் காசு கிடையாது. அப்போ மக்கள் என்ன செய்வாங்க? பேப்பரைக் குப்பையில் போட்டால் டப்பா சீக்கிரம் நிறையும், காசு கூடும். தனியா வெச்சா காசு இல்லை. பிரிச்சு வைக்க ஆரம்பிச்சாங்க. முறை மாறிய காலத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக வாரத்துக்கு மூன்றரை டப்பாவாக இருந்தது, பிறகு ஒரு டப்பாவுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

(நம்ம பக்கம் பழைய பேப்பர்க்காரர் வந்தால் அவர்தான் நமக்குக் காசு கொடுப்பார்! அங்கே காசு வாங்காமல் எடுத்துட்டுப் போறதையே பெரிய சலுகையா நினைக்கிறாங்க.)

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. கட்டணம் டப்பா கணக்குதானே, எடைக் கணக்கு இல்லையே? ஆகவே மக்கள் டப்பாவுக்குள் ஏறி நின்று காலால் மிதி மிதி என்று மிதித்துக் குப்பையை அமுக்கினார்கள். இதற்கு 'சியாட்டில் மிதி' என்றே பெயர் வந்துவிட்டது. நம்ம அறிவியல் பாடத்தில் படித்ததுதான். நிறை அப்படியே இருக்கு, பருமன் குறையுது, அடர்த்தி கூடுது. கட்டணம் பருமனுக்கு, ஆனால் கிடங்கில் கொடுக்க வேண்டிய காசு எடைக்கு. நகரத்துக்கு நஷ்டம். 1990 வாக்கில் குப்பையை எடை போட்டுக் கட்டணம் வாங்கலாமா என்று சில வீடுகளில் சோதனை செய்துகூடப் பார்த்தார்கள். ஆனால் டப்பாக் கணக்கே நிலைத்தது.

டப்பாக்களின் அளவுகளைச் சொல்கிறேன். அங்கே காலன் கணக்கு. ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர். சாதாரண டப்பா 32 காலன், அதாவது சுமார் 121 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் எட்டுக் குடம். 1989-ல் 19 காலன் சின்ன டப்பா வந்தது. அப்புறம் அதைவிடச் சின்னதாக 12 காலன் டப்பாவும் வந்தது. அது மூன்று குடம்தான்! ஒரு குடும்பத்தின் ஒரு வாரக் குப்பை மூன்று குடத்துக்குள் அடங்கணும். பெரிய பக்கம் 64 காலனும் 96 காலனும் உண்டு. 64 காலன் எடுத்தால் 32 காலனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணம். பெரிசா வாங்கினா மலிவு என்று கடையில் சொல்லுவாங்களே, அந்தப் பேச்சே இங்கே இல்லை. டப்பா நிறைந்து வெளியே ஒரு பை வைத்தால் அதுக்கும் தனிக் காசு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். மக்கள் குப்பையைக் குறைத்துவிட்டார்கள், நல்லதுதானே? அப்புறம் ஏன் அங்கே கட்டணம் திரும்பத் திரும்ப ஏறியது? குறைச்சதுக்குப் பரிசா விலையேற்றமா என்று கோபம் வரும். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் உள்ள எண்கள் சியாட்டிலுடையவை இல்லை, நாம் கணக்குக்காக வைத்துக்கொள்பவை.

ஒரு தெருவில் 100 வீடு. எல்லா வீடும் சேர்ந்து 300 டப்பா. மாதச் செலவில் வண்டி, சம்பளம், பழைய கிடங்கைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சேர்த்து 6000 ரூபாய். குப்பை குறைந்தாலும் இது குறையாது, ஏன்னா வண்டி எல்லா வீட்டு வாசலுக்கும் போய்த்தானே ஆகணும்? அதுபோக, ஒரு டப்பா குப்பையைக் கிடங்கில் கொட்ட 20 ரூபாய். 300 டப்பாவுக்கு 6000. ஆக மொத்தம் 12,000 ரூபாய்.

எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றால் வீட்டுக்கு 120 ரூபாய். தனியா இருக்கிற ஒரு பாட்டி ஒரே ஒரு டப்பா வைத்தாலும் 120, பக்கத்து வீட்டில் ஆறு டப்பா வைத்தாலும் 120. டப்பாவுக்கு ஏற்றபடி என்றால் 12,000 வகுத்தல் 300, ஒரு டப்பாவுக்கு 40 ரூபாய். பாட்டிக்கு 40, ஆறு டப்பா வீட்டுக்கு 240. பாட்டி சந்தோஷமா இருக்காங்க.

இப்போது எல்லோரும் பிரித்து வைத்து, குப்பை பாதியாகி 150 டப்பா ஆகிவிட்டது. வரவு 150 பெருக்கல் 40, அதாவது 6000 ரூபாய். செலவு? மாறாத 6000, கிடங்குக்கு 3000, மொத்தம் 9000. வரவு பாதியாச்சு, செலவு பாதியாகலை. 3000 ரூபாய் துண்டு விழுது. சரிக்கட்ட வேண்டும் என்றால் 9000 வகுத்தல் 150, டப்பாவுக்கு 60 ரூபாய். செய்தித்தாளில் வந்தால் "குப்பைக் கட்டணம் 50 சதவீதம் உயர்வு" என்றுதான் தலைப்பு வரும். ஆனால் சராசரி வீட்டைப் பாருங்க. முன்னே மூணு டப்பா, 120 ரூபாய். இப்போ ஒன்றரை டப்பா, 90 ரூபாய். விலை ஏறியிருக்கு, கட்டுற காசு குறைஞ்சிருக்கு!

அப்போ எல்லாருக்கும் லாபமா? இல்லை. நம்ம பாட்டியைப் பாருங்க. அவங்க முன்னேயும் ஒரு டப்பா, இப்பவும் ஒரு டப்பா. குறைக்க அவங்ககிட்ட குப்பையே இல்லை. அவங்களுக்கு 40 ரூபாய் 60 ஆயிடுச்சு. யார் முதலிலிருந்தே சிக்கனமா இருந்தாங்களோ அவங்களுக்குத்தான் முழு ஏற்றமும் விழுது. அநியாயமா இல்லையா?

இதுக்கு ஒரு வழி சொல்லுவாங்க. எல்லா வீட்டுக்கும் அடிப்படைக் கட்டணம் 30 ரூபாய் போட்டுவிடலாம், அதில் 3000 வந்துவிடும். மீதி 6000-ஐ 150 டப்பாவால் வகுத்தால் டப்பாவுக்கு 40. நகரத்துக்கு நிம்மதி, குப்பை குறைந்தாலும் வரவு அவ்வளவாக விழாது. பாட்டிக்கு? 30-ம் 40-ம் 70. இன்னும் மோசம்! நகரத்தின் கணக்கு நிலையாக நிற்க வேண்டும் என்றால் பாட்டிக்கு அடி. பாட்டிக்கு நியாயம் செய்தால் நகரத்தின் கணக்கு ஆடும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முழுசா சரி பண்ண முடியாது என்பதுதான் இந்தக் கணக்கிலிருந்து எனக்குப் புரிந்தது. அதனால்தான் கட்டணம் நிர்ணயிப்பது வெறும் வகுத்தல் கணக்கு இல்லை. சியாட்டிலில் தண்ணீர், சாக்கடை, குப்பை மூன்றையும் பார்க்கும் நகரத் துறை கணக்குப் போட்டுக் கொடுக்கும். ஆனால் முடிவு செய்வது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நகர மன்றம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அங்கே குப்பைக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி வைத்திருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க, புதுசா அந்த நாட்டுக்கு வந்தவங்க எப்படி விண்ணப்பிப்பாங்க என்பது என்னுடைய சந்தேகம்.

கட்டணம் ஏறுவதற்கு வெளியூர்க் காரணங்களும் உண்டு. 1991-லிருந்து சியாட்டில் குப்பை ரயில் ஏறி, பக்கத்து மாநிலமான ஓரிகனில் ஆர்லிங்டன் என்ற இடத்தில் உள்ள கிடங்குக்குப் போக ஆரம்பித்தது. அடேயப்பா, குப்பைக்கு ரயில் பயணம்! மறுசுழற்சிப் பொருளும் இலவசமாகப் போய்விடவில்லை. அதை எடுக்கவும் வண்டி வேண்டும், பிரிக்க ஆலை வேண்டும். அந்தச் செலவைக் குப்பை டப்பாக் கட்டணத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரித்த பேப்பரை விற்றால் கொஞ்சம் காசு வரும். அமெரிக்காவின் பழைய பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் மலை மலையாக வாங்கிக்கொண்டிருந்தது சீனா. 2018 தொடக்கத்தில் சீனா கதவைச் சாத்தியது. 24 வகைக் கழிவுகள் வரக் கூடாது என்றார்கள். கலப்புப் பேப்பரின் விலை தடாலென்று விழுந்தது. சீனாவில் போட்ட உத்தரவு அமெரிக்காவில் பல ஊர்களின் குப்பைக் கணக்கில் வந்து நின்றது.

காசு மட்டும் போதாது என்று சட்டமும் போட்டார்கள். 2005-லிருந்து பேப்பர், பாட்டில் போன்றவற்றைக் குப்பையில் போடக் கூடாது. 2015-லிருந்து சாப்பாட்டுக் கழிவையும் போடக் கூடாது, அது உரத்துக்குத் தனி டப்பாவில் போக வேண்டும். மீறினால் டப்பாவில் சிவப்பு அட்டை கட்டினார்கள். தெருவே பார்க்கும்! இதை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். என் வீட்டுக் குப்பையைக் கிளறிப் பார்க்க நீ யார் என்பதுதான் வழக்கு. 2016-ல் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். முறையான அனுமதி இல்லாமல் மூடியிருக்கும் குப்பையைச் சோதிப்பது தனிமனித உரிமைக்கு எதிரானதாம். ஆனால் பிரித்துப் போட வேண்டும் என்ற சட்டம் அப்படியே நின்றது. நான் முதலில் இது என்ன வீம்பு என்றுதான் நினைத்தேன். யோசித்தால், மருந்துச் சீட்டு, கிழித்துப் போட்ட கடிதம், மார்க் ஷீட் எல்லாம் குப்பையில்தானே கிடக்கு!

ஒரு கணக்கு உங்களுக்கு. அதே தெரு, 100 வீடு, 150 டப்பா, செலவு 9000 ரூபாய், அடிப்படைக் கட்டணம் கிடையாது. பாட்டியைப் போல ஆளுக்கு ஒரு டப்பா வைக்கும் 20 வீடுகளுக்குப் பாதிக் கட்டணம் என்று நகர மன்றம் முடிவு செய்கிறது. செலவு குறையவில்லை. அப்படியானால் மற்ற வீடுகள் ஒரு டப்பாவுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? பாட்டி எவ்வளவு கட்டுவார்? x என்று வைத்துச் சமன்பாடு எழுதிப் போடுங்க. மற்றவர்களுக்கு 64 ரூபாய் 29 பைசா வந்தால் விடை சரி. அந்த 4 ரூபாய் 29 பைசாவைக் கூடுதலாகக் கொடுக்க நீங்கள் சம்மதிப்பீர்களா, மாட்டீர்களா என்று காரணத்தோடு எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே குண்டூசியால் குத்தி வைங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி