சந்தா வியாபாரமும் கியார் உரிமையும்



குவீன்ஸ்டவுன், ஸ்டர்லிங் ரோடு முஜாஹிதீன் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளிவருகையில், வாலிபச் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். சில்லறைக் கடைகளுக்குக் கணக்கெழுதும் கைபேசிச் செயலியொன்றை அவர் மாதச் சந்தாவுக்கு விடுகிறார். “முதல் பதினான்கு நாள் இலவசம், பின்னர் அட்டையிலிருந்து பணம் தானாகக் கழியும், பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் பணம் வாபஸ் என்று விளம்பரம் செய்யலாமா?” என்பது அவர் கேள்வி. இது நம்மில் பலருக்கும் உதவக்கூடிய விஷயமாகையால் இங்கே சற்று ஆராய்வோம்.

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஒரு தோழர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். ஒவ்வொரு கிரயத்தின்போதும் ‘ஏமாற்று இல்லை’ என்று சொல்லிக்கொள்ளுமாறு பெருமானார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவருக்கு மூன்று இரவுகள் யோசனைக் காலமும் அளித்தார்கள் என்று அறிவிப்புகள் உண்டு. ‘கியாருஷ் ஷர்த்’ எனும் நிபந்தனை உரிமைக்கு இதுவே அடிப்படை. இமாம் ஷாஃபி, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இருவரும் மூன்று நாளே எல்லை என்றனர். அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுப், முஹம்மத் இருவருமோ தவணை தெரிந்திருந்தால் போதும் என்றனர். இமாம் அஹ்மதின் கருத்தும் அதுவே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சந்தா என்பது பொருளை விற்பதன்று. ஒரு பயனைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடுவது, அதாவது இஜாரா. ஷாஃபி நூல்கள் கியாரைக் கிரய வகைகளுக்கே உரியதாக்குகின்றன. நாள் கழியக் கழியப் பயனும் தீர்ந்துவிடுகிறதே, எதைத் திருப்புவது? ஹனஃபிகள் வாடகையிலும் கியாரை அனுமதிப்பர். நம் சங்கத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். ஆகவே, ‘முப்பது நாள் வாபஸ்’ என்பதை வியாபாரி தாமாகக் கொடுக்கும் வாக்குறுதியாகக் கொள்வதே நமக்குச் சுலபமாகத் தோன்றுகிறது. வருந்தி வருபவருடைய ஒப்பந்தத்தை மனமுவந்து முறித்துக்கொடுப்பதற்கு ‘இகாலா’ என்று பெயர். ஹதீஸில் அதற்குச் சிறப்பு வந்துள்ளது. ஆயின், அவ்வாறு முறிக்கையில் வாங்கிய தொகையையே திருப்ப வேண்டும். ‘பணமில்லை, அடுத்த மாதச் சந்தாவில் கழித்துக்கொள்ளும்’ என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்துவது இகாலாவாகாது.

இலவச நாட்களில் தடையில்லை. அது நன்கொடை போன்றது. பதினைந்தாம் நாளில்தான் சங்கடம். மௌனமாயிருப்பவர் மீது ஒரு சொல்லை ஏற்றக்கூடாது என்பது ஷாஃபி ஃபிக்ஹில் பிரபலமான விதி. தொகை என்ன, எந்தத் தேதியில் கழியும், எப்படி நிறுத்துவது என்ற மூன்றையும் தெரிந்து வாடிக்கையாளர் முதலிலேயே ஒப்பியிருந்தால் அது மௌனமன்று. பொடி எழுத்தில் ஒளித்துவைத்திருந்தால்? அதைச் சம்மதம் என்று சொல்ல நமக்கு நாக்கு வரவில்லை. சேருவதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஏழு கடிதமும் வைப்பவரையும் நாம் கண்டிருக்கிறோம்!

சர்க்கார் சட்டமும் தூரமில்லை. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2004 மார்ச் முதல் சிங்கையில் அமலில் இருக்கிறது. ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்பவர் பின்னால் வரும் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி கூறுகிறது. மனம் மாறியவருக்கெல்லாம் பணம் திருப்ப வேண்டுமென்று பொதுச் சட்டம் இல்லை. அழையாமல் வீடு தேடிப் போய் விற்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஐந்து வேலை நாள் ரத்து உரிமை உண்டு. ஆனால், வாபஸ் என்று நாமே எழுதிவிட்டால் அது ஒப்பந்தத்தின் பாகமாகிறது. மறுத்தால் வாடிக்கையாளர் சிறு கோரல் நடுவர் மன்றம் போகலாம்; 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரையிலும், அங்கே விசாரிப்பார்கள்.

அந்த வாலிபரிடம் விளம்பரத்தைத் திருத்தி எழுதி வரச் சொன்னோம். பதினான்காம் நாள் காலையில் வாடிக்கையாளருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புவதென்று அவராகவே ஒரு வரி சேர்த்து வந்தார். அந்த வரியைத் தலைப்புக்கு அடுத்து, பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறோம்.