கத்திரிக்கு முன் ஏசிக்கு ஒரு நாள்

பங்குனியில் நந்தி கல்யாணத் திருவிழா முடிந்து, திருவையாற்று மாப்பிள்ளை வீட்டார் ஊர் திரும்பியதும் திருமழபாடியில் வெயில் தன் வேலையைத் தொடங்கிவிடும். மே 4 வாக்கில் கத்திரி பிறக்கும். அதற்குப் பிறகு ஏசி மெக்கானிக்கைத் தேடினால், திருமானூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ ஆள் வந்து சேர்வதற்குள் பாதிக் கத்திரி ஓடிவிடும். பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் தூசி. அரியலூர் மாவட்டத்தின் தூசிக்குத் தனி வரலாறு உண்டு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. அதன் அடியில் படிந்ததுதான் இன்று சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் சுண்ணாம்புக்கல். போகிற வழியில் அதில் ஒரு பிடி, சாலையோர வீட்டு ஏசியின் ஃபில்டரிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருள் (காயில்) எப்போதும் ஈரமாக இருப்பதால், ஃபில்டரைத் தாண்டிய நுண்தூசி அங்கே பூச்சாக ஒட்டிக்கொள்ளும். காற்று போக வழி குறைந்து காயிலில் பனி கட்டும். அறை குளிராது. வீட்டில் இருப்பவர் உடனே ரிமோட்டை எடுத்து 16-க்கு இறக்குவார். அதனால் அடைப்பு திறந்துவிடாது, மீட்டர்தான் ஓடும்.

மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவினால் போதும் என்பது மற்ற ஊர்க் கணக்கு. லாரி ஓடும் சாலையோரத்தில் இருப்பவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வலை வளைந்துவிடும். வெளியே இருக்கும் யூனிட்டைச் சுற்றி வைக்கோல், சாக்கு, துணிக்கொடி எதுவும் வேண்டாம். சூடான காற்று வெளியேற இடம் தேவை. மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு அதன் மேல் மென்மையாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். மூடியைத் திறந்து பார்க்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடவும். சர்க்யூட் போர்டில் ஏறி, தானும் கருகி அதையும் கருக்கிவிட்ட பல்லியை இந்தத் தொழிலில் பார்க்காதவர் குறைவு.

அடுத்தது, வருடாவருடம் காசு கரையும் இடம்: “கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்திடலாமா?” ஏசியில் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டர் போலத் தீர்ந்து போவதல்ல. மூடிய குழாய்க்குள் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே ஏற்றச் சொல்ல வேண்டும். இப்போதைய ஏசிகளில் இருக்கும் ஆர்-32, ஆர்-290 கேஸ்கள் இரண்டும் தீப்பற்றக்கூடியவை; இரண்டாவது கிட்டத்தட்ட அடுப்பு கேஸின் உறவுக்காரன். யூனிட்டின் மேல் எழுதியிருக்கும் கேஸைத் தவிர வேறு எதையும் ஏற்ற அனுமதிக்கக் கூடாது.

ஊர் முழுக்க மின்விசிறியும் மோட்டாரும் ஓடும் மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் ஸ்டெபிலைசர் அவசியம். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுத்துப் போடவும். ஏசிக்குத் தனி ஒயர், தனி 16 ஆம்பியர் பிளக் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, வீட்டு ஓரத்தில் இருக்கும் எர்த் குழி. மண் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. கோடை முழுக்க அதில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும்.

வெப்பநிலையை 24-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழல விட்டால் போதும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியோடு விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24-இல் நிற்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. வயல் ஈரமும் சேர்ந்து புழுங்கும் இரவுகளில் ‘டிரை’ பொத்தானைப் பயன்படுத்திப் பார்க்கலாம். 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இந்த இயந்திரத்தை வடிவமைத்ததே, ஈரக்காற்றில் காகிதம் உப்பாமல் இருக்கத்தான். மனிதர்களின் வியர்வை பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் இரவு முழுக்க அறைக்குள் வெப்பத்தை இறக்கும்போது எந்த ஏசியும் திணறும். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிப்பது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவது, கதவின் கீழ் இடுக்கை அடைப்பது ஆகிய மூன்றையும் கத்திரிக்குள் முடிக்கலாம். ஃபில்டரில் வில்லனாக வந்த சுண்ணாம்பு, மாடியில் காவல்காரனாகிவிடுகிறது.

கடைசியாக, டிரைன் குழாய். தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவர் வழியே உள்ளே வடியும். ஊதிச் சுத்தம் செய்து, சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். புழுக்கமான இரவில் அந்தக் குழாய் ஒரு வாளியையே நிரப்பிவிடும். அது குடிக்க ஆகாது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஆகாது. வாசல் தெளிக்கலாம், செடிக்கு விடலாம். மிச்சத்தைக் கொண்டுபோய் எர்த் குழியில் ஊற்றலாம்.