கடையேறி விலை பேசும் பெண்களுக்கு: பதமாகச் சொல்ல 9 குறிப்புகள்

வீட்டில் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடத் தொடங்கி 16 வருடம் ஆகிறது. முதல் வருடமே ஒரு நல்ல கடையை இழந்தேன். விலையைக் குறைக்கச் சொன்னவரிடம், "இந்த விலைக்கு வாங்க முடியலைன்னா விட்டுடுங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். கல்லாவுக்கு முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் கேட்ட விலை நியாயம்தான். ஆனால் அந்த நாலு பேர் முன்னால் அவரை வசதியில்லாதவர் என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. பிறகு அந்தக் கடைப் படியை என்னால் ஏற முடியவில்லை. இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், தைத்த ரவிக்கை என்று எதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் உதவும் என்பதால் அதற்குப்பின் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. "முடியாது" என்பதற்குப் பதில் "கட்டுப்படி ஆகாதுங்க" என்று சொல்லிப் பழகுங்கள். "முடியாது" என்றால் மறுப்பது நீங்கள். "கட்டுப்படி ஆகாது" என்றால் மறுப்பது கணக்கு. கணக்கோடு யாருக்கும் கோபம் வராது. இது நமக்குப் புதிதும் அல்ல. விளக்கை அணை என்று சொல்லாமல் மலையேற்று என்கிறோம். போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டு வருகிறேன் என்கிறோம். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மனம் வராமல் அரிசி நிறைந்திருக்கிறது என்று சொன்ன பாட்டிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இப்படி மாற்றிச் சொல்வதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று நன்னூல் மூன்றாகப் பிரித்துப் பெயரே வைத்திருக்கிறது. அவற்றில் குழூஉக்குறி தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் "பறி" என்பது அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம். வீட்டு வாசலில் இவ்வளவு பதமாகப் பேசுகிற நாம், கடை வாசலில் மட்டும் ஏன் வெட்டிப் பேசவேண்டும்?

2. குறை சொல்லும்போது "நீங்க" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "நீங்க கணக்கைத் தப்பாப் போட்டிருக்கீங்க" என்பது குற்றச்சாட்டு. "கணக்கு எங்கேயோ உதைக்குதுங்க, ஒரு தடவை சேர்ந்து பார்த்துடுவோமா?" என்பது அழைப்பு. "நீங்க இன்னும் பணம் தரலை" என்பதை "போன மாச பில் இன்னும் வரலைங்க" என்று மாற்றலாம். செய்தது யார் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடிக்கத் தமிழில் இடமிருக்கிறது. பாராட்டும்போது மட்டும் "நீங்க" தாராளமாக வரட்டும்: "நீங்க முன்வரிசையில வச்சதாலதான் ஓடுச்சு."

3. பதமாகச் சொல்ல வேண்டியது மறுப்பையும் குறையையும்தான். விலை, எண்ணிக்கை, தேதி மூன்றையும் ஒருபோதும் பூசி மெழுகாதீர்கள். நம் பெண்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். "பார்த்துப் போட்டுக் கொடுங்க", "உங்களுக்குத் தெரியாததா", "ஏதோ உங்க மனசுக்குத் தோணுறது" என்று விலையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவோம். 100 கிராம் பாக்கெட்டுக்குப் பருப்பு, மிளகாய், கவர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 42 ரூபாய் அடக்கம் என்று வையுங்கள். நீங்கள் கேட்பது 55. எம்.ஆர்.பி. 75. "55-க்குக் கீழே போனா கையைக் கடிக்குதுங்க, அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். குரல் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கட்டும், எண் இறங்கவேண்டாம்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் யாரையும் மறுத்ததாகக் காதில் விழாது. பேரம் படியாவிட்டாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஆனால் துண்டுக்குள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் விரல் சொல்லும் தொகையில் துளி சந்தேகம் கிடையாது. நம் பேச்சும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். நான் ஒரு சின்னத் தாளில் விலையை எழுதி, மற்றவர் பார்க்காமல் கல்லாவின் மேல் தள்ளிவிடுவேன். அதுதான் என் துண்டு.

4. எதிரில் இருப்பவரும் பதமாகத்தான் பேசுவார். அதைப் படிக்கத் தெரியவேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்", "அப்புறம் பார்க்கலாம்", "வேணும்னா நானே சொல்லி அனுப்புறேன்" இவையெல்லாம் பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான். அதற்குமேல் வற்புறுத்தினால் நமக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். "சரி, ரெண்டு வச்சுட்டுப் போங்க" என்றால் சோதித்துப் பார்க்கிறார். "மத்த கடைக்கு எவ்வளவுக்குப் போடுறீங்க?" என்று கேட்டால் வாங்கும் எண்ணம் வந்துவிட்டது. உலகமெங்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஜப்பானிய வியாபாரி "முஸுகாஷீ" என்பார், அதாவது "கொஞ்சம் கடினம்". கேட்பவர் அதைப் பெரும்பாலும் மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். கடினத்தை எப்படித் தீர்க்கலாம் என்று விளக்கிக்கொண்டே போகும் வெளிநாட்டுக்காரர் அங்கே இருவருக்கும் நேரத்தைத்தான் வீணாக்குவார்.

சந்தேகமாக இருந்தால் அவருக்குச் சுலபமாக "வேண்டாம்" என்று சொல்ல ஒரு வழி விடுங்கள்: "இப்ப தோதுப்படலைன்னா பரவாயில்லைங்க, தீபாவளி முடிஞ்சு வரட்டுமா?" இதற்கு அவர் சொல்லும் பதிலில் உண்மை தெரிந்துவிடும்.

5. உடனே பதில் சொல்ல விருப்பமில்லாதபோது, "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பது நம் எல்லோருக்கும் கைவந்த வாக்கியம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. இரண்டு தடவை அப்படிச் சொன்னால் மூன்றாம் தடவை, "அவரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்பார்கள். தொழில் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. "கணக்கு நோட்டைப் பார்த்துட்டு நாளைக்குக் காலையில சொல்றேங்க" என்று சொல்லுங்கள். அதே ஒரு நாள் கிடைக்கும், மரியாதையும் உங்களிடமே இருக்கும்.

6. எதையும் சும்மா குறைக்காதீர்கள். "50 பாக்கெட்டா எடுத்துக்கிட்டீங்கன்னா 2 ரூபாய் குறைச்சுப் போடலாம்." "ரொக்கமாத் தந்தீங்கன்னா 53." இப்படிச் சொன்னால் குறைக்க மறுத்ததாகவே ஆகாது. குறைந்த விலைக்கு வழி காட்டியதாகிவிடும்.

7. நின்றுபோன பணத்தைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நட்பும் கெடக்கூடாது, பணமும் வரவேண்டும். இதற்கு மூன்று படி வைத்திருக்கிறேன்.

முதல் தடவை காரணம் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்: "பருப்பு எடுக்கணுங்க, அந்தப் பழைய பில்லை முடிச்சுக் குடுத்தா உதவியா இருக்கும்." கடையில் கூட்டம் இருக்கும்போது கேட்கவேண்டாம், மதியம் ஓய்வாக இருக்கும் நேரம் நல்லது. இரண்டாம் தடவை தேதியை அவர் வாயால் வரவையுங்கள்: "செவ்வாயா, வியாழனா, எது உங்களுக்குச் சௌகரியம்?" மூன்றாம் தடவைதான் சட்டம்.

அதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நுண், சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. உத்யம் பதிவு செய்து, சொந்தமாகத் தயாரித்துக் கொடுக்கும் சிறு தொழில்காரருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பேசிய தேதிக்குள் பணம் தரவேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இதோடு 2023 நிதிச் சட்டம் ஒரு மாற்றமும் கொண்டுவந்தது. இந்தக் கெடுவைத் தாண்டினால், வாங்கியவர் பணத்தை உண்மையில் கொடுக்கிற வருடத்தில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டமுடியும். வாங்கி விற்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, நினைவிருக்கட்டும். புகார் கொடுக்கும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதையும் மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை. "மார்ச்சு முடியிறதுக்குள்ள பில்லை அடைச்சுட்டா உங்க ஆடிட்டருக்கும் சுலபமா இருக்கும்னு சொன்னாங்க, அண்ணாச்சி. ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுப் பாருங்க." 5 மாதம் இழுத்த ஒரு பாக்கி எனக்கு இந்த ஒரு வாக்கியத்தில் வந்தது. சட்டம் பேசினேன் என்று அவருக்கு வருத்தமில்லை. அவருக்கு நல்லது சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்; அதுவும் உண்மைதான்.

8. பேசி முடித்ததை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். "இன்னைக்குப் பேசினபடி 40 பாக்கெட், 55 ரூபாய், பணம் 20-ந் தேதி. சரிதானுங்களா?" அவ்வளவு போதும். எழுத்துக்குக் குரல் கிடையாது. நேரில் சிரித்துக்கொண்டு சொன்னது திரையில் முறைப்பாகத் தெரியும். வருத்தமான விஷயத்தை எழுதாதீர்கள், நேரில் போங்கள்.

9. சரக்கில் குறை இருந்தால் பதமான பேச்சை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். பொடியில் வேர்க்கடலை சேர்த்திருந்தால் "வேர்க்கடலை இருக்கு" என்று கவரிலும் சொல்லவேண்டும், வாயாலும் சொல்லவேண்டும். சிலருக்கு அது உயிர் போகிற விஷயம். காலாவதித் தேதி, வண்டு, சிக்கு வாடை எதிலும் சுற்றி வளைக்கக்கூடாது.

ஒரு மழைக்காலத்தில் சரியாகக் காயாத மிளகாயை அரைத்துவிட்டேன். மூன்றாம் நாள் வீட்டில் வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்தபோது பூஞ்சை வாசம். 11 கடைகளுக்கும் ஒரே வாக்கியம்தான் சொன்னேன்: "அந்தப் பொடியை விக்காதீங்க, எடுத்து வச்சுடுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்." அதற்கு ஒரு "ங்க" அதிகமாகப் போடக்கூடத் தோன்றவில்லை. வழக்கமாக வார்த்தைக்கு வார்த்தை விலை குறைக்கும் ஒரு அண்ணாச்சி, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாப் பாக்கெட்டையும் எண்ணி, விற்றுப்போன இரண்டை வாங்கியவர்கள் வீட்டுக்குப் பையனை அனுப்பித் திருப்பி வாங்கி, ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த லோடு எப்ப?" என்றார்.