மூளையில் ரத்தக்குழாய் முடிச்சு: எப்போது ஓட வேண்டும், எப்போது நிதானிக்க வேண்டும்?

தீராத தலைவலிக்கோ, திடீரென்று வந்த வலிப்புக்கோ மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் ‘ஏ.வி.எம்.’ என்று மூன்றெழுத்து இருக்கும். அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஒரு மாமா “உடனே ஆபரேஷன்” என்பார். ஒரு சித்தப்பா “தலையில் கத்தியே வைக்கக்கூடாது” என்பார். இருவரும் பாதிதான் சரி.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய், கிளைக்கால்வாய், மடை என்று வேகம் குறைந்து வயலில் பாய்ந்து, பிறகுதான் வடிகாலில் இறங்குகிறது. மூளையிலும் ரத்தம் தமனியிலிருந்து தந்துகிகளில் பரவி, வேகம் தணிந்து சிரைக்குப் போகிறது. ஏ.வி.எம். என்பது தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ரத்தக்குழாய் முடிச்சு; அங்கே நடுவில் தந்துகிகளே இல்லை. தமனியின் அழுத்தம் முழுவதும் மெல்லிய சிரையின் மேல் விழுகிறது. அது ஒருநாள் வெடிக்கலாம். ஆயுள் முழுக்க வெடிக்காமலும் இருக்கலாம். இதுவரை கசியாத முடிச்சில், ஓர் ஆண்டில் கசியும் வாய்ப்பு சுமார் 1 முதல் 2 சதவீதம். ஒருமுறை கசிந்துவிட்டால், அடுத்த ஓராண்டுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே கசிந்த நாளில் ஒரு நிமிடமும் வீணாக்கக்கூடாது. கசியாத முடிச்சென்றால் பதறி முடிவெடுக்கக்கூடாது.

1. திடீரென்று ஏதாவது நேர்ந்தால்

செய்ய வேண்டியவை

- இதுவரை வராத அளவுக்கு மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், நினைவு தப்புதல், முதன்முறை வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.
- அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.
- வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் கத்தி, கல் போன்றவற்றை அகற்றுங்கள்.
- சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

செய்யக்கூடாதவை

- கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்பதில்லை.
- வாயில் தண்ணீர், கட்டஞ்சாயா, மாத்திரை எதையும் ஊற்றவோ திணிக்கவோ வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.
- ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் தராதீர்கள். கசிந்திருந்தால் ரத்தம் உறைவதை அது தடுக்கும்.
- வர்ம ஆசானிடம் கழுத்தைத் தடவவோ, இளக்குமுறை செய்யவோ முதலில் போகாதீர்கள். நம் மாவட்டத்தில் பலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதைக் கைவிரலால் அறிய முடியாது.

2. சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது

வழிகள் நான்கு. மண்டையோட்டைத் திறந்து முடிச்சை வெட்டி எடுப்பது அறுவை சிகிச்சை. தொடை வழியே மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திப் பசை போன்ற மருந்தால் அடைப்பது எம்போலைசேஷன். கதிரைக் குவித்து முடிச்சை மெல்ல மெல்லச் சுருக்குவது காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு. நான்காவது, எதுவும் செய்யாமல் கண்காணித்து வருவது.

எது யாருக்கு என்பதை எடைபோட மருத்துவர்கள் 1986 முதல் ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். முடிச்சின் அளவு (3 செ.மீ.க்குக் கீழா, 6-க்கு மேலா), பேச்சு, கை கால் அசைவு போன்ற முக்கியப் பகுதியில் இருக்கிறதா, ஆழமான சிரையில் வடிகிறதா என்ற மூன்றையும் கூட்டி 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். 1, 2 என்றால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் நல்ல பலன் தரும். 4, 5 என்றால் தொடாமல் விடுவதே பலருக்கும் பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

- “கசிந்ததா, கசியாததா? என் மதிப்பெண் என்ன?” என்று முதலில் கேளுங்கள். மீதி முடிவெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்கும்.
- முடிச்சின் முழு வரைபடத்துக்கு டி.எஸ்.ஏ. என்னும் ஆஞ்சியோகிராம் பரிசோதனை தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது ஆகியவற்றை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.
- முதல் மூன்று வழிகளையும் அறிந்த குழு உள்ள இடத்தில் ஒரு கருத்துக் கேளுங்கள். நமக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். 1976-இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற அங்கே, எம்போலைசேஷன் போன்ற சிகிச்சைக்கான பிரிவு உண்டு. காமா நைஃப் பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் இருக்கிறது.
- பரிந்துரைக் கடிதம், பழைய ஸ்கேன் சி.டி., மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மருத்துவர் படத்தைத்தான் பார்ப்பார்.
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. போகப்போகும் மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் திட்டத்தில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். கேரளத்துக்குப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

செய்யக்கூடாதவை

- கசியாத முடிச்சுக்குப் பயத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கசியாத ஏ.வி.எம். உள்ள 226 பேரை வைத்து நடந்த அருபா ஆய்வு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மருந்தும் கண்காணிப்புமாக இருந்தவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கும், முடிச்சுக்கு நேரடிச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது.
- அதே ஆய்வைக் காட்டி “எதுவுமே வேண்டாம்” என்றும் ஒதுங்காதீர்கள். அது சராசரியாக 33 மாதமே தொடர்ந்த ஆய்வு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அதில் குறைவு. 20 வயதுக்காரர் இன்னும் ஐம்பது ஆண்டு இந்த முடிச்சோடு வாழ வேண்டும். 70 வயதுக்காரரின் கணக்கு வேறு.
- “பசை வைத்து அடைத்தாயிற்று, தீர்ந்தது” என்று எண்ண வேண்டாம். எம்போலைசேஷன் பல நேரம் அடுத்த கட்டத்துக்கான தயாரிப்பு மட்டுமே.

3. சிகிச்சைக்குப் பின், ஆண்டுக்கணக்கில்

முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டு, ஆஞ்சியோகிராமிலும் அது உறுதியானால் கசிவு பயம் ஏறக்குறைய நீங்கிவிடும். கதிர்வீச்சில் அப்படியல்ல. முடிச்சு மூட 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை கசியும் வாய்ப்பு இருந்துகொண்டேயிருக்கும்.

செய்ய வேண்டியவை

- ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் போதும்.
- வலிப்பு மாத்திரையை ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குவார்கள். தூக்கம் குறைந்தால் வலிப்பு வரலாம். முந்தின இரவே சீக்கிரம் படுப்பதும் சிகிச்சைதான்.
- கதிர்வீச்சுக்குப் பின் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் புதிதாகத் தலைவலியோ தளர்வோ வந்தால், மூளை வீக்கமாக இருக்கலாம். உடனே தெரிவியுங்கள்.
- சிறுவயதில் ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு முடிச்சு மறுபடி முளைப்பதுண்டு. பெரியவர்களாகும் வரை பரிசோதனையைத் தொடருங்கள்.
- குழந்தை பெற விரும்பும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மாத்திரை கருவைப் பாதிக்கும். அதை மாற்ற அவகாசம் வேண்டும்.

செய்யக்கூடாதவை

- வலிப்பு கட்டுக்குள் வரும் வரை தென்னை, பனை ஏறாதீர்கள்; பைக் ஓட்டாதீர்கள்; ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் தனியாக நிற்காதீர்கள். மூவாற்றுமுகத்து ஆற்றிலோ திற்பரப்பு அருவியிலோ துணையின்றிக் குளிக்க இறங்காதீர்கள்.
- “ஒரு வருடமாக வரவில்லையே” என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பமானது தெரிந்ததும் பதறி நிறுத்துவதும் ஆபத்துதான்.
- பீடி, சிகரெட், குடி வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை வேறு நோய்க்காக யார் எழுதினாலும் “எனக்கு ஏ.வி.எம். இருக்கிறது” என்று சொல்லாமல் வாங்காதீர்கள்.
- பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது, வீட்டிலேயே முடக்குவது வேண்டாம். வலிப்பும் அழுத்தமும் அடங்கியிருந்தால் நடை, படிப்பு, பெரும்பாலான வேலைகள் எதற்கும் தடையில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க

- என் வயதுக்குச் சும்மா இருப்பதில் ஆபத்து எவ்வளவு, சிகிச்சையில் ஆபத்து எவ்வளவு?
- இந்தச் சிகிச்சையை இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
- மொத்தம் எத்தனை கட்டம், எவ்வளவு செலவு?
- முடிச்சு மூடிவிட்டது என்பதை எந்தப் பரிசோதனையால், எப்போது உறுதி செய்வீர்கள்?